தகப்பனின் ஓய்வும் பிள்ளையின் வீடும்

நடைபாதையிலும் மேம்பாலத்தின் கீழும் கோயில் மண்டபத்திலும் இரயில் நிலைய மேடையிலும் இரவைக் கழிப்போரையே வீடற்றோர் என்று 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு எண்ணிச் சென்றது. சமவெளிக்கு ஏற்ற இந்த இலக்கணம் நீலகிரிக்குப் பொருந்தாது. மார்கழியிலும் தையிலும் தலைகுந்தாவின் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் மலையில், எந்த வாலிபனும் பஸ் நிலையத்துப் பெஞ்சில் படுக்கத் துணிவதில்லை. அவன் அத்தை வீட்டுத் தரையில் படுக்கிறான். சீசன் முடியும் வரையில் லாட்ஜின் சமையற்கட்டில் ஒண்டிக்கொள்கிறான். அதுவும் போனால் மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறி, அங்கிருந்து திருப்பூருக்குப் போய்விடுகிறான். ஆகையால், நம் மாவட்டத்தில் வீடிழந்த இளைஞர் எவருமில்லை என்று அறிக்கை எழுதி அனுப்புவது மிகவும் சுலபம். குழந்தைப் பாதுகாப்பிலும் இளைஞர் நலத்திலும் ஊழியம் புரியும் நம் வாசகர்களிடம், கணக்கில் வராத இந்தக் கூட்டத்தைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு வீடு என்பது தகப்பனுடைய அல்லது தாயினுடைய வேலையின் ஓர் அங்கம். தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு கொடுக்கும் கடமையை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் மேல் சுமத்தியது; அது பேருபகாரம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அதே சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளையே குடும்பம் என்ற சொல்லுக்குள் அடக்கிற்று. லைன் வீடு எனப்படும் தோட்டக் குடியிருப்பின் ஒற்றை அறையில், அடுப்புப் புகை படிந்த சுவரோரம், நேற்று வரை குடும்பத்தினனாகப் பாய் விரித்தவன், பிறந்த நாள் விடிந்ததும் அதே பாயில் சட்டத்தின் கண்ணுக்கு விருந்தாளியாகிவிடுகிறான். எந்த மேனேஜரும் பிறந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு பிள்ளைகளை வெளியேற்றுவதில்லை; அது கருணையா சோம்பலா என்று ஆராய்வது வீண். பெற்றவர் ஓய்வு பெறும் மாதத்தில்தான் அந்தக் கோடு புலப்படுகிறது. வீட்டைக் காலி செய்தால்தான் கிராஜுவிட்டி கைக்கு வரும் என்று பேசப்படுவதும், அந்தப் பணம் வந்தால்தான் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்க இயலும் என்று தொழிலாளி நிற்பதும், தோட்டப் பகுதிகளில் வேலை செய்த எவரும் கேட்டறியாத விஷயமன்று.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த தமிழர்களுக்கு ஜீவனம் அளிப்பதற்கென்றே, 1968இல் அரசுத் தேயிலைத் திட்டமாகத் தொடங்கிப் பின்னர் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட கழகமாக மாறியது டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). தாயகம் திரும்பிய அக்குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைக்கு இன்று கொழுந்து பறிப்பதில் விருப்பமில்லை. படித்த பிள்ளைகள் அதை விரும்பவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆனால் வேலையை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை, தன்னையறியாமலே வீட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. 2022இல் ஏறத்தாழ 2,150 ஹெக்டேர் டான்டீ நிலத்தை வனத்துறைக்குத் திருப்பி ஒப்படைக்க அரசு முடிவு செய்தபோது எழுந்த கலக்கத்துக்கு, வீடு வேலையோடு பிணைந்திருந்ததே காரணம். ஓய்வு பெற்றோருக்குக் கட்டித்தரும் வீடுகளில் பயனாளியின் பங்குத் தொகையை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அக்கலக்கத்தைச் சற்றுத் தணித்தது. கூடலூர், பந்தலூர் வட்டாரத்திலோ, 1969ஆம் ஆண்டின் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் சிக்கிய நிலங்களின் வழக்கு இன்னும் தீராதிருப்பதால், கையில் பணமிருந்தும் பட்டாவுள்ள மூன்று சென்ட் வாங்குவது எளிதன்று.

இத்தகைய இழப்புக்கு இரவுக் காப்பகம் மருந்தாகாது. நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டம் லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்ற விகிதத்தில் வகுக்கப்பட்டது; உதகமண்டலத்தின் மக்கள் தொகையோ 2011இல் லட்சத்தை எட்டவில்லை, தோட்டங்கள் நகரமும் அல்ல. முன்கூட்டியே தடுக்கும் வழியும் உண்டு: 2014இல் வேல்ஸ் நாட்டில் இயற்றிய வீட்டுவசதிச் சட்டம், ஒருவர் 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கும் அபாயத்தில் இருந்தாலே உள்ளாட்சி அவருக்கு உதவ முன்வரவேண்டும் என்று விதித்தது; இங்கிலாந்தும் 2017இல் அதைப் பின்பற்றியது. அங்கே 56 நாள் முன்னறிவிப்பைப் பெரிய சாதனையாக எண்ணுகிறார்கள். நம் தோட்டங்களிலோ ஒரு குடும்பம் வீட்டை இழக்கப்போகும் தேதி, தொழிலாளி வேலையில் சேர்ந்த அன்றே பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

காப்பு இல்லங்களிலிருந்து வெளியேறும் பிள்ளைகளின் நிலையும் இதைப் போன்றதே. அவர்களுக்கும் தேதி முன்கூட்டியே தெரியும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பதினெட்டு வயதுக்குப் பிந்தைய பராமரிப்புக்கு இடமளிக்கிறது. விதிகள் அதை 21 வயது வரையிலும், விசேஷ சந்தர்ப்பங்களில் 23 வரையிலும் நீட்டுகின்றன; மிஷன் வாத்சல்யா திட்டம் மாதம் 4,000 ரூபாய் தருகிறது. ஊட்டியில் அந்தத் தொகைக்கு ஓர் அறையும் வேளாவேளைக்குச் சோறும் கிட்டுமா என்பதை, அங்கே வாடகைக்கு அறை தேடிய எவரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். லவ்டேலில் இன்று செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் லாரன்ஸ் பள்ளி, 1858இல் ஆங்கிலேயச் சிப்பாய்களின் நிராதரவான பிள்ளைகளுக்கென எழுந்த அசைலம் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அந்த அசைலத்தின் பெயரால் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓர் அச்சகமே நடந்தது. ஏகாதிபத்தியத்தின் சுயநலம் அதில் கலந்திருந்தது உண்மையே. ஆயினும் வெளியேறும் பிள்ளை எங்கே போவான் என்ற கேள்வியை அசைலத்தை நடத்தியோர் அலட்சியம் செய்யவில்லை.

நம் பணியாளர்கள் பெருமையோடு காட்டும் ‘வேலைவாய்ப்பு’களில் கணிசமானவை பனியன் கம்பெனிகளின் விடுதிப் படுக்கைகள். வேலை போன அன்றே படுக்கையும் போய்விடுமாதலால், தகப்பனின் லைன் வீட்டில் இருந்த அதே நிர்ப்பந்தத்தைப் பிள்ளையின் தலையிலும் ஏற்றிவிட்டு, அதற்கு மறுவாழ்வு என்று பெயர் சூட்டுவதில் எங்களுக்குச் சம்மதமில்லை. விடுதிக்கு அனுப்புவதே தவறு என்பதன்று எங்கள் அபிப்பிராயம். முகவரி வேறோர் இடத்தில் உறுதிப்பட்ட பிறகே அனுப்பவேண்டும் என்கிறோம். லைன் வீட்டு எண்ணில் எடுத்த ஆதாரும் ரேஷன் கார்டும், வீடு கைமாறியதும் பல இடங்களில் கேள்விக்குள்ளாகின்றன.

ஆகவே, பெற்றோர் ஓய்வு பெறும் ஆண்டை முன்கூட்டியே அறிந்து உதவவேண்டும் என்கிறோம். அதற்கான ஓய்வு பெறுவோர் பட்டியலைத் தோட்ட நிர்வாகம் தர மறுக்கும் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். தரவேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையின் விவரங்களைப் பதியும் ஆசிரியர், பெற்றோரின் தொழிலைக் கேட்கும்போதே, அவர்கள் எந்த ஆண்டில் ஓய்வு பெறுகிறார்கள், குடியிருப்பது யாருடைய வீடு என்னும் இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் போதும். முதன்மைக் கல்வி அலுவலரின் ஒரு சுற்றறிக்கையில் முடியும் காரியம் இது. அந்த விவரம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய்ச் சேருமானால், வீட்டுமனைக்கும் வாரியக் குடியிருப்புக்கும் கல்லூரி விடுதிக்கும் மனுப்போட மூன்று நான்கு ஆண்டு அவகாசம் கிடைக்கும்.