நாவலப்பிட்டியில் பிறந்த நடிகரும் லயங்களில் பிறந்த நடிகர்களும்

மக்கள் திலகம் என்று தமிழுலகம் கொண்டாடிய எம்.ஜி.ஆர். 1917 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17 ஆம் தேதி ஜனனமானது, மகாவலி கங்கையின் கரையில், தேயிலை மலைகளுக்கு வாயிலாக அமைந்திருக்கும் நாவலப்பிட்டியில் என்பதை மலையகத்தில் அறியாதவர் அரியர். 1874 இல் நாவலப்பிட்டியை எட்டிய ரயில் பாதை, மேலே நானுஓயாவை அடைய 1885 வரை காத்திருக்க வேண்டியிருந்தபடியால், திம்புளைக்கும் டிக்கோயாவுக்கும் ஏறிச்சென்ற நம் முன்னோரில் எத்தனையோ பேர் அந்த ஸ்தலத்தைக் கடந்தே தங்கள் தோட்டங்களுக்குப் போனார்கள். அந்த ஊரில் பிறந்த குழந்தை பிற்காலத்தில் கோடிக்கணக்கான ஜனங்களின் உள்ளங்களை ஆண்ட நடிகனாகவும், 1977 முதல் 1987 இல் தம் மரணம் வரை பெரும்பாலும் இடையறாது தமிழ்நாட்டின் முதலமைச்சராகவும், மறுவருஷம் பாரத ரத்னா விருதுக்கு உரியவராகவும் உயர்ந்த சரித்திரத்தை ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் உள்ள நம்மவர்கள் பெருமிதத்தோடு பேசிக்கொள்வது முற்றிலும் நியாயமே. அந்தப் பெருமிதத்தைக் குறைத்துரைப்பது என் நோக்கமன்று. ஆனால், பெருமிதத்தோடு நின்றுவிட்டு, அவரை நடிகராக்கியது எது என்று நாம் ஒருநாளும் ஆராயவில்லையே என்பதுதான் நெடுங்காலமாக என் மனத்தை உறுத்திவரும் விசாரம்.

தந்தையை இழந்த சிறுபிராயத்திலேயே அவருடைய தாய் சத்தியபாமா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கும்பகோணம் போய்ச் சேர்ந்தார். அங்கே வறுமையின் நிமித்தமாக, பள்ளிப் படிப்பையும் இடையில் விட்டு, தமையன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த அந்தச் சிறுவனுக்கு வேளாவேளைக்குச் சோறும், படுக்க இடமும், அவற்றோடு பாட்டு, வசனம், அபிநயம், கத்திச்சண்டை ஆகியவற்றில் இடைவிடாத சிட்சையும் கிடைத்தன. பாய்ஸ் கம்பெனிகளின் கட்டுப்பாடு கடுமையானது. குழந்தைகளை அப்படி நடத்துவதை இன்று எவரும் ஒப்பமாட்டார்கள். எனினும், ஒரு நடிகன் பிறவியினால் மாத்திரம் ஆகிவிடுவதில்லை, வித்தையைக் கற்பிக்கும் ஸ்தாபனமும் ஒத்திகை பார்க்க ஒரு மேடையும் தவறிவிட்டால் திருத்த ஒரு வாத்தியாரும் வேண்டும் என்னும் உண்மைக்கு அவருடைய பால்யமே போதிய சாட்சியாகும்.

அவர் திரையில் முதன்முதல் தோன்றிய ‘சதி லீலாவதி’ 1936 இல் வெளிவந்தது. எஸ்.எஸ்.வாசன் எழுதிய கதையை, அமெரிக்கராகிய எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கினார்; நம் எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். அந்தப் படத்தின் கதாநாயகன், குடிமயக்கத்தில் நண்பனைக் கொன்றுவிட்டதாக மருண்டு, இலங்கைக்கு ஓடிவந்து, தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாக உழைத்து, பின்பு புதையல் கண்டெடுத்துத் தனவந்தனாகிறான். தேயிலை மலைகளின் வாயிலில் பிறந்த நடிகரின் முதற்படமே தேயிலைத் தோட்டத்தைக் காட்டிய இந்தச் சம்பந்தத்தை நம் ஊர் விழா மேடைகளில் எவரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைவிட முக்கியமான சங்கதி, மலையகத்துக் கூலியாளின் துன்பம் தமிழ்த் திரையில் அத்தனை முன்னரே இடம்பெற்றிருந்தும், அந்த வேஷத்தை ஏற்று நடித்தவர் எம்.கே.ராதா என்னும் தமிழகத்து நடிகரேயொழிய, கொழுந்துக் கூடையின் கனத்தை முதுகில் அறிந்த ஒருவர் அல்லர். அறிந்த ஒருவர் அந்தத் திரைக்குச் செல்லும் வழி அன்று எங்கும் இருக்கவில்லை.

1936 இலிருந்து 1947 வரை, பதினொரு வருஷங்கள், எம்.ஜி.ஆர். சிறுசிறு வேஷங்களிலேயே காலங்கழித்தார். ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கிய ‘ராஜகுமாரி’யில் கதாநாயகனாகும்போது அவருக்கு வயது முப்பது. ஆகவே, பாய்ஸ் கம்பெனியில் கால் வைத்த நாளிலிருந்து கணக்கிட்டால், அவருடைய குருகுலவாசம் இருபது வருஷங்களுக்கும் மேற்பட்டது. நாடகக் கம்பெனிகளும் ஸ்டூடியோக்களும் இருந்த தேசத்தில் வாழ்ந்ததனால் மாத்திரமே அவர் அத்தனை காலம் அந்தத் தொழிலை விட்டு நீங்காமல் இருக்க முடிந்தது. அவர் குடும்பம் இங்கேயே தங்கியிருந்தால் அவருடைய திறமை என்னவாகியிருக்கும் என்று நான் சில வேளைகளில் எண்ணிப் பார்ப்பதுண்டு. மாசி மாதத்துக் காமன்கூத்தில் மன்மத வேஷம் கட்டும் ஓர் இளைஞராக, நான்கைந்து தோட்டங்களுக்குள் பெயர்பெற்று, அதற்கப்பால் எவரும் அறியாமல் அவர் வாழ்ந்து முடித்திருக்கக் கூடும் என்பதே என் எண்ணம்.

காமன்கூத்தை இப்படிச் சொல்வதனால் அது தாழ்ந்த கலை என்று நான் கருதுவதாக எவரும் எண்ணிவிடலாகாது. மாசி மாதத்துப் பிறை கண்டபின் காமன் கம்பத்தை ஊன்றி, விரதமிருந்து, ரதிக்கும் மன்மதனுக்கும் கலியாணம் முடித்து, சிவபெருமானின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவதும், ரதி தன் துர்ச்சொப்பனத்தைச் சொல்லித் தடுப்பதும், நெற்றிக்கண் நெருப்பில் அவன் எரிந்துபோவதும், வீரபத்திரனும் எமனும் தூதனும் ஆடிவருவதுமாக, பல இரவுகளில் விரிந்து செல்லும் அந்தக் கூத்துக்கு ஒரு தோட்டம் முழுவதுமே அரங்கமாகிறது. தப்பின் நாதம் மலைக்கு மலை கேட்கிறது. ரதியாக வேஷம் கட்டி விடியும்வரை புலம்பிப் பாடிய ஆண்மகன், காலையில் பிரட்டுக்களத்தில் கங்காணியின் முன் நின்று, பேர் போட்டுக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியோடு மலைக்கு ஏறுகிறான். ஏறாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. நூற்றுக்கணக்கான பாடல்களை ஏட்டைப் பாராமல் மனப்பாடமாகச் சொல்லவும், எந்த வேஷக்காரன் எந்த அடியில் பிரவேசிக்க வேண்டும் என்று காட்டவும் வல்ல கூத்து வாத்தியார், பகலில் ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிறவராகவோ, கான் வெட்டுகிறவராகவோ இருக்கிறார். அருச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கரிலும் இதே நிலைதான். இவ்வளவு பெரிய நாடக வித்தையைச் சம்பளமின்றி, நூலின்றி, ஓர் அரசாங்கத்தின் ஆதரவுமின்றி லயக்காம்பராக்களிலேயே தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த சமூகத்தில் நடிகர்கள் தோன்றவில்லை என்று யாரேனும் சொன்னால் அது அவர்களுடைய அறியாமையே. தோன்றினார்கள், அவர்களுக்குரிய மேடையைத்தான் எவரும் அமைத்துக் கொடுக்கவில்லை.

மேடை இல்லாவிடில் நாமே அமைத்துக்கொள்வோம் என்று துணிந்தவர் ஒருவரும் நம்மிடையே இருந்தார். அவர் வி.பி.கணேசன், தோட்டத் தொழிலாளருக்காகத் தொழிற்சங்கம் நடத்தியவர், இன்று அரசியலில் அறியப்படும் மனோ கணேசனின் தந்தை. 1963 இல் கிருஷ்ணகுமார் இயக்கிய ‘தோட்டக்காரி’ என்னும் படம் தேயிலைத் தோட்டத்தை இலங்கைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது. பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின், 1975 இல், கணேசன் தாமே தயாரித்து, தாமே கதாநாயகனாகவும் நடித்த ‘புதிய காற்று’ எஸ்.இராமநாதனின் இயக்கத்தில் வெளிவந்தது. அந்த வருஷம் எத்தகைய வருஷம் என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். 1948, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்துக்கொண்டிருந்தன. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியவர்களாகக் கணக்கிடப்பட்டு, குடும்பங்கள் பிரிந்து ராமேசுவரம் கப்பலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. 1973, 1974 இல் நம் லயங்களைப் பஞ்சம் சூறையாடியது. 1975 இலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்களை அரசாங்கம் சுவீகரித்துக்கொண்டது. அத்தகைய காலத்தில், தம் மக்களின் நடுவிலிருந்து ஒருவர் எழுந்து, தம் கைப்பொருளைச் செலவிட்டு, திரையில் நின்று அவர்களுடைய நாயகனாகப் பேசினார் என்பது, படத்தின் கலைத்தரத்தைப் பற்றி விமர்சகர்கள் என்ன முடிவுக்கு வந்தாலும், நம் சரித்திரத்தில் எழுதிவைக்கத் தக்க சம்பவமாகும். 1978 இல் ‘நான் உங்கள் தோழன்’, 1981 இல் சிங்களத் திரையுலகின் யசபாலித நாணயக்கார இயக்கிய ‘நாடு போற்ற வாழ்க’ என்று மொத்தம் மூன்று படங்களில் அவருடைய திரைவாழ்க்கை பிரதானமாக அடங்கிவிடுகிறது.

எம்.ஜி.ஆர். திரையிலிருந்து மக்கள் தலைமைக்குச் சென்றார். கணேசனோ மக்கள் தலைமையிலிருந்து திரைக்கு வந்தார். முன்னவருக்குப் பின்னால் ஒரு பெருந்தொழிலே நின்றது. பின்னவருக்குப் பின்னால் ஆறு வருஷங்களும் ஒரு சிறு குழுவுமே நின்றன. பிறகு 1983 ஜூலையில் தமிழர் உடைமைகள் எரிந்தபோது, இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் ஸ்டூடியோவும் படச்சுருள்களும் சேர்ந்தே எரிந்தன. தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’யை எழுதி வைத்திராவிட்டால், இப்படி ஒரு முயற்சி நடந்ததே பலருக்குத் தெரியாமற் போயிருக்கும். இன்றைய மலையகப் பிள்ளைகளில் எம்.ஜி.ஆரின் பத்துப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்திராதவர் இல்லை. கணேசனின் ஒரு படத்தையேனும் பார்த்தவரைக் காண்பது துர்லபம்.

சம்பளப் பிரச்சினை தீரவில்லை, லயங்கள் ஒழுகுகின்றன, காணியுரிமை கைக்கு வரவில்லை. இந்த நிலையில் கூத்தும் சினிமாவும் எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்களுடைய கேள்வியில் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை ஏற்கமாட்டேன். 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி.வேலுப்பிள்ளை, வாக்குரிமைக்காகப் போராடிய அதே மனிதர்தான், தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். உரிமைக்கும் கலைக்கும் இடையே முன்பின் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. தன்னைத் தானே மேடையில் காணாத சமூகத்தைப் பிறர் எப்படி வேண்டுமானாலும் சித்திரித்துவிடுவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகையால், செய்ய வேண்டியவை என்று எனக்குத் தோன்றுகிறவற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். நாடகமும் அரங்கியலும் என்ற பாடம் இலங்கைப் பாடசாலைகளின் பாடத்திட்டத்தில் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளில் அதைக் கற்பிக்கத் தேர்ச்சிபெற்ற ஆசிரியர்களை நியமிக்க மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் முன்வர வேண்டும். பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, கூத்து வாத்தியார்களைச் சன்மானம் கொடுத்து அழைத்து, ஆசிரிய மாணவர்களுக்குக் கற்பிக்கச் செய்ய வேண்டும். அவர்களிடம் சான்றிதழ் கேட்கலாகாது. மாதந்தோறும் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து சந்தா பெறும் தொழிற்சங்கங்கள், காமன் திடலுக்கு ஒரு பங்கும், வேஷம் கட்டியவர் மறுநாள் இளைப்பாறச் சம்பளத்தோடு கூடிய ஒரு விடுமுறையும் பெற்றுத்தருவதைத் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். கணேசனின் மூன்று படங்களில் எஞ்சியிருக்கும் பிரதிகளைத் தேடியெடுத்துப் புதுப்பித்து, முதற்காட்சியை ஹட்டனில் நடத்தும் பொறுப்பு தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தைச் சேர்ந்தது.

வாசகர்களாகிய நீங்களும் ஒரு காரியம் செய்யலாம். பழைய நாடக நோட்டீசு, படத்தின் பாட்டுப் புத்தகம், வேஷம் கட்டிய பாட்டனாரின் புகைப்படம் எதுவாயினும் வீட்டில் இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திக் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். வரும் மாசியில் உங்கள் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றப்படுமாயின், வாத்தியாரின் சம்மதத்தைப் பெற்று, அவர் பாடுவதை முதலிலிருந்து கடைசிவரை கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, அவருடைய பெயர், தோட்டம், டிவிஷன், தேதி ஆகிய நான்கையும் மறவாமல் எழுதிச் சேர்த்து அங்கே அனுப்பிவையுங்கள்.