டீச்சரின் முருங்கை மரமும் 72 பைட்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆணி அதிகம். போன மாசம் அந்த போன் மட்டும் வராம இருந்திருந்தா இப்பவும் வந்திருக்க மாட்டேன்.

எங்க ஊர் வாசகர் வட்டத்துக்கு ஒரு சின்னத் தளம் சும்மா செஞ்சு கொடுத்திருக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை சுண்டலும் காபியும், அவ்வளவுதான் கூலி. உறுப்பினர் உள்ளே போனா யார்கிட்ட எந்தப் புத்தகம் இருக்குன்னு பார்க்கலாம். எல்லார் போன் நம்பரும் வீட்டு விலாசமும் அங்கே இருக்கு. ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர் ஒருத்தங்க அதுல உறுப்பினர். அவங்கதான் கூப்பிட்டாங்க.

"தம்பி, உன் பூட்டு சரியில்லையே?"

"என்னாச்சு டீச்சர்?"

"பாஸ்வேர்டுல கடைசி வார்த்தையை மாத்தி அடிச்சிட்டேன். அப்படியும் உள்ள விட்டுடுச்சு. அப்புறம் வேணும்னே தப்பா அடிச்சேன். அதுக்கும் விடுது!"

நான் நம்பல. நீங்களும் நம்ப மாட்டீங்க. ஆனா உண்மை.

குட்டி பாஸ்வேர்டு வேண்டாம், ஒரு வாக்கியமா வெச்சுக்கோங்கன்னு அவங்ககிட்டே சொன்னதே நான்தான். டீச்சர் தமிழ்லயே வெச்சுக்கிட்டாங்க. உண்மையான வாக்கியத்தை இங்கே போட முடியாது. அதே நீளத்துல நானா ஒண்ணு சொல்றேன்: "வாசல்ல நிக்கிற முருங்கை மரத்துக்கு வயசு முப்பது". இதுல "மர" வரைக்கும்தான் கணக்கு. அதுக்கப்புறம் வயசு முப்பதுன்னாலும் நாப்பதுன்னாலும், மரத்தை வெட்டிட்டாங்கன்னாலும் கதவு திறக்கும்.

காரணம் பிகிரிப்ட். பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காம, திருப்பி எடுக்க முடியாதபடி அரைச்சு மாவாக்கி வைக்கிறதுக்கு ஹாஷ்னு பேர். 1999ல வந்த பிகிரிப்ட் நல்ல, நம்பகமான அரவை இயந்திரம். ஆனா அதோட வாய் 72 பைட்டுதான். இங்கிலீஷ்காரனுக்கு 72 எழுத்து, தாராளம். யூடிஎஃப்-8ல நம்ம குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட்டு. "கை"ன்னா க ஒண்ணு, கொம்பு ஒண்ணு, ஆக 6 பைட்டு. மேலே உள்ள வாக்கியத்துல மூணு இடைவெளியையும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியற எழுத்துல வெறும் 14தான் உள்ளே போகுது. மீதியை பிஎச்பியோட பாஸ்வேர்ட்_ஹாஷ் சத்தமே இல்லாம கீழே கொட்டிடுது. எச்சரிக்கை கிடையாது, பிழை கிடையாது.

இதை ஆபீஸ்ல ஒரு சீனியர் அண்ணன்கிட்ட சொன்னேன். "மேனுவல்லயே போட்டிருக்கேப்பா. படிக்காதது உன் தப்பு. கத்தியால விரலை வெட்டிக்கிட்டு கொல்லனைத் திட்டுவியா?"ன்னார்.

இந்தக் கத்தி உவமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. அண்ணே, மேனுவல்ல இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பிஎச்பியில பாஸ்வேர்டு வரலாறே மேனுவலை யாரும் படிக்க மாட்டாங்கங்கற பாடம்தானே? நாம எல்லாம் எம்டி5 போட்டு சேமிச்ச ஆளுங்க. ரெண்டு ஹாஷையும் "==" போட்டு ஒப்பிட்டோம். 240610708 என்கிற எண்ணோட எம்டி5 ஹாஷ் பூஜ்யத்துல ஆரம்பிச்சு, அடுத்து ஆங்கில "ஈ", அப்புறம் முழுக்க எண்களா வரும். அதைப் பார்த்ததும் பிஎச்பி "ஓ, இது பூஜ்யம்"னு முடிவு கட்டிடும். அதே மாதிரி ஹாஷ் வர்ற இன்னொரு சொல்லும் பூஜ்யம். பூஜ்யமும் பூஜ்யமும் சமம், உள்ளே வாங்க சார்! இதுவும் மேனுவலைப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்தான். எத்தனை பேருக்குத் தெரிஞ்சுது?

அதனாலதானே ஆண்டனி ஃபெராரா 2012ல ஒரு முன்மொழிவு எழுதினார். 2013ல பிஎச்பி 5.5ல பாஸ்வேர்ட்_ஹாஷ், பாஸ்வேர்ட்_வெரிஃபை ரெண்டும் வந்தது. அந்த வடிவமைப்பை நான் இன்னிக்கும் கும்பிடுவேன். பாஸ்வேர்டைக் கொடு, மீதி என் பாடு. சால்ட் அதுவே போட்டுக்கும். எந்த முறையில அரைச்சோம், எத்தனை சுற்றுன்னு எல்லாம் விடைக்குள்ளேயே எழுதி வெச்சுக்கும். ஒப்பிடறதையும் அதுவே பண்ணும், நாம "==" பக்கம் போகவே வேண்டாம். பழைய ஹாஷைப் புதுப்பிக்கணுமான்னு சொல்ல தனியா இன்னொரு ஃபங்ஷன். 2024ல வந்த 8.4ல இயல்பான காஸ்ட்டை 10ல இருந்து 12 ஆக்கினாங்க, அதாவது நாலு மடங்கு வேலை. பழைய நிரல்ல ஒரு வரி மாத்தாமலே பலன் கிடைச்சுது.

சால்ட்டை நாமளே கொடுக்கலாம்னு ஆரம்பத்துல ஒரு வசதி இருந்தது. தெரிஞ்சவனுக்கு சுதந்திரம் வேணுமாம். என்னை மாதிரி ஆளுங்க என்ன பண்ணோம்? பயனர் பேரையே எம்டி5 பண்ணி சால்ட்டாக் கொடுத்தோம் (ஆமாம், நானும்தான், சிரிக்காதீங்க :-)). 2015ல 7.0ல அதை வேண்டாம்னாங்க, 2020ல 8.0ல கொடுத்தாலும் கண்டுக்காமப் போச்சு. இதுக்கும் மேனுவல் இருந்துச்சே அண்ணே? தப்பா பயன்படுத்தறாங்கன்னு தெரிஞ்சதும் திட்டிக்கிட்டு நிக்காம கைப்பிடியையே கழட்டிட்டாங்க.

அப்போ இந்த 72க்கு மட்டும் ஏன் அந்த மனசு வரல?

விஷயம் தமிழோட நிக்கல. ஆக்டான்னு ஒரு நிறுவனம், லாகின் விக்கிறதே அவங்க தொழில். பயனர் எண், பயனர் பெயர், பாஸ்வேர்டு மூணையும் ஒட்டி பிகிரிப்டுக்குள்ள தள்ளியிருக்காங்க. பெயர் 52 எழுத்தைத் தாண்டிட்டா பாஸ்வேர்டுக்கு வாய்ல இடமே இல்ல. முன்னாடி ஒரு தடவை சரியா நுழைஞ்சது சேமிப்புல இருந்தா, சில சூழ்நிலைகள்ல பாஸ்வேர்டு இல்லாமலே உள்ள போகலாம்னு 2024ல அவங்களே அறிவிச்சாங்க. மேனுவலைப் படிக்கிறதுக்கே சம்பளம் வாங்கறவங்க சார் அவங்க!

பைதான் பக்கம் பிகிரிப்ட் நூலகம் 2025ல 5.0 பதிப்புல ரோஷமா ஒரு முடிவு எடுத்துச்சு. 72 பைட்டைத் தாண்டினா முகத்துல அடிச்ச மாதிரி பிழை. அதைத்தான் கேக்கறேன். முடியலன்னா முடியலன்னு சொல்லு, முழுங்கின மாதிரி நடிக்காதே. அமெரிக்காவோட என்.ஐ.எஸ்.டி. 2017லயே எழுதிட்டாங்க: பாஸ்வேர்டை வெட்டக் கூடாது, யூனிகோட் குறியீடு ஒவ்வொண்ணையும் ஒரு எழுத்தா எண்ணணும், 64 எழுத்தாவது அனுமதிக்கணும். 64 தமிழ்க் குறியீடுன்னா 192 பைட்டு. பிகிரிப்ட் எங்கே போகும்?

இன்னொண்ணும் இருக்கு. "சொ"வுல வர்ற "ொ"வை ஒரே குறியீடாவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டாவும் எழுதலாம். பார்வைக்கு ஒண்ணு, பைட்டு வேற. வீட்டு கம்ப்யூட்டர்ல ஒரு மாதிரி, வேற இடத்துல வேற மாதிரி வந்தா சரியான பாஸ்வேர்டையே தப்புன்னும். அரைக்கறதுக்கு முன்னாடி ஒரே வடிவத்துக்குக் கொண்டு வரணும்னும் அதே ஆவணம் சொல்லுது. பாஸ்வேர்ட்_ஹாஷ் இதைத் தொடவே தொடாது. இங்கே மட்டும் முதல் தப்பு, வெட்டறது. ரெண்டாவது தப்பு, ஒட்டாதது. ஒண்ணு யாரையும் உள்ள விடுது, இன்னொண்ணு வீட்டுக்காரரையே வெளிய நிறுத்துது.

கடைசியா நான் செஞ்சது: முதல்ல எழுத்தை ஒரே வடிவமாக்கி, எஸ்எச்ஏ-384ல அரைச்சு, பேஸ்64 ஆக்கினேன். சரியா 64 எழுத்து வரும், அதை பிகிரிப்டுக்குக் கொடுத்தேன். (பேஸ்64 ஆக்காம நேரா கொடுத்துடாதீங்க, நடுவுல ஒரு பூஜ்ய பைட்டு வந்தா அங்கே வேற கூத்து.) ஆர்கான்2 போட்டா இந்த நீளத் தொல்லையே கிடையாது, ஆனா என் மலிவு சர்வர்ல அது இல்ல. பாருங்க, நாலு வரி எழுத நாலு கண்ணிவெடி தாண்டணும். இதை ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொருத்தனும் தனித்தனியா தாண்டணுமா, இல்ல நூலகம் எழுதறவங்க ஒரே தடவை தாண்டினாப் போதுமா?

பழைய ஹாஷைப் பார்த்து உள்ளே எவ்வளவு போச்சு, எவ்வளவு கொட்டிச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. அதனால 72 பைட்டைத் தாண்டி அடிக்கிறவங்க எல்லாரையும் புதுசா வைக்கச் சொல்லிட்டேன். டீச்சருக்கு நேர்லயே போய் மாத்திக் கொடுத்தேன். காபி கொடுத்துட்டுக் கேட்டாங்க: "அப்போ இத்தனை நாளா அந்த மீதிப் பாதியை நான் எதுக்குத் தம்பி அடிச்சுக்கிட்டு இருந்தேன்?"

காபி நல்லா இருக்கு டீச்சர்னு சொல்லிட்டு வந்துட்டேன்.