கடல் கடந்த ஊர்கள்: போர்ட் மோரண்ட்

தென் அமெரிக்காவின் வடகரையில் கயானா என்றொரு சிறு நாடு உண்டு. முன்னாளில் பிரிட்டிஷ் கயானா என வழங்கிய நாடு. அதன் கிழக்குக் கோடியில், பேர்பீஸ் ஆற்றைக் கடந்து, நியூ ஆம்ஸ்டர்டாம் பட்டணத்திலிருந்து சுமார் 15 மைல் கடலோரமாகச் சென்றால் போர்ட் மோரண்ட் என்னும் கிராமம் வரும். பெயரில் துறைமுகம் இருக்கிறதே தவிர, கப்பல் வந்து நிற்கும் துறை எதுவும் அங்கே இல்லை. ஒரு நீண்ட சாலை, அதன் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், வீட்டின் அடியில் ஊஞ்சல் துணி, முற்றத்து மூங்கிலில் அனுமாருக்கு ஏற்றிய சிவப்புக் கொடி, அதற்கப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் கரும்பு. ஊர் இவ்வளவுதான். ஆயினும் இந்தச் சிற்றூரின் வரலாறு, கூலிக்குக் கப்பலேறிய எல்லா இந்திய மக்களின் வரலாற்றையும் ஒரு கைக்குள் அடக்கிக் காட்டுவதாக இருக்கிறது.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கயானாவின் கடலோரம் கடல் ஏறும்போது நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் பூமி. முன்னே கடலணை, பின்னே சதுப்புநீரைத் தடுக்கும் அணை, இரண்டுக்கும் நடுவே வாய்க்கால்கள். கடல் வற்றும் வேளையில் மதகைத் திறந்து உள்நீரை வெளியே விடுவார்கள். கடல் ஏறுமுன் மூடிவிடுவார்கள். மதகு காப்பவன் ஒருநாள் தூங்கிவிட்டால் ஊரே நனையும். கரும்பு பயிரான ஒவ்வொரு சதுர மைல் நிலத்துக்கும் 49 மைல் வடிகால்களும், பாய்ச்சலுக்கும் கரும்பு ஏற்றிய தோணிகள் செல்லவும் 16 மைல் மேல்வாய்க்கால்களும் வேண்டியிருந்தன என்று 1948இல் வந்த வென் ஆணைக்குழு கணக்கிட்டது. இதற்காகக் குறைந்தது 10 கோடி டன் ஈரக் களிமண் வெட்டி எடுக்கப்பட்டதாம். வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். கயானாவின் கரும்பு நிலம் இயற்கை கொடுத்ததன்று. மண்வெட்டி பிடித்த மனிதர்கள் கொடுத்தது.

1834இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1838 ஆகஸ்ட் முதலாம் நாளோடு, அதன் எச்சமாக இருந்த பயிற்சிக் கால முறையும் முடிந்தது. விடுதலை பெற்றவர்கள் தோட்டங்களை விட்டு விலகுவார்கள் என்று முதலாளிகள் முன்பே கணித்துவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தன. அன்று தொடங்கி 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேர் அந்தக் கரையில் இறக்கப்பட்டார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். சீட்டில்லாமல் தோட்ட எல்லையைத் தாண்டினால் தண்டனை. வேலைக்குப் போகாவிட்டால் சிறை. பெரும்பாலோர் வட இந்தியாவின் போஜ்புரி பேசும் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர் இருக்கலாம். தமிழரும் தெலுங்கருமான இவர்களை அங்கே 'மதராசி' என்ற ஒரே பெயரால் அழைத்தார்கள்.

போர்ட் மோரண்ட், அதை அடுத்த ஆல்பியன் ஆகிய தோட்டங்களைச் சுற்றி இந்த மதராசிகளின் சுவடு இன்றும் அழியாமல் இருக்கிறது. தமிழ் பேசுவோர் இல்லை. தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது, தகப்பனுக்குச் சில சொற்கள், பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மூன்று தலைமுறையில் மொழி போய்விட்டது. ஆனால் மாரியம்மன் போகவில்லை. அங்கே அவளைக் காளிமாய் என்றும் மாரியம்மா என்றும் சொல்லுவார்கள். கோயிலில் வேப்பிலை உண்டு, கரகம் உண்டு, தப்பும் உடுக்கையும் உண்டு. மதுரை வீரனுக்கும் முனீஸ்வரனுக்கும் காட்டேரிக்கும் தனித்தனி இடம் உண்டு. பெயர்களின் உச்சரிப்பு சிறிது திரிந்திருக்கும். பாட்டின் பொருள் பாடுகிறவருக்கே தெரியாது. ஆயினும் அடி பிசகாமல் பாடுவார்கள். வட இந்திய வழிவந்த பெரும்பான்மை இந்துக்கள் இந்த வழிபாட்டைத் தாழ்வாக எண்ணி ஒதுக்கிய காலமும் இருந்தது. பின்னர் அவர்களில் பலரும், ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் சிலரும்கூட, நோய் என்றால் அந்தச் சன்னிதிக்கு வரத் தொடங்கினார்கள்.

இதில் மருத்துவர்கள் கவனிக்கத்தக்க ஒரு செய்தி இருக்கிறது. மாரியம்மன் அம்மை நோயின் தெய்வம். பெரியம்மை உலகை விட்டு ஒழிந்ததென்று 1980 மே மாதத்தில் உலக சுகாதார மன்றம் அறிவித்தது. நோய் போன பிறகும் தெய்வத்துக்கு வேலை குறையவில்லை. தூக்கமில்லாதவர், குடியில் வீழ்ந்தவர், மனம் உடைந்தவர் எல்லாரும் அந்த வாசலில் நிற்கிறார்கள். 1960களில் பேர்பீஸ் மனநல மருத்துவமனையில் பணிபுரிந்த மருத்துவர்கள், சில நோயாளிகள் விஷயத்தில் காளிமாய்ப் பூசாரியோடு கைகோத்துப் பணியாற்றி, அந்த அனுபவத்தைப் பின்னர் மருத்துவ உலகுக்கு எழுதியும் வைத்தார்கள். ஒருவர் மற்றவரை ஏளனம் செய்யாமல் இருந்ததே அங்கு பாதி மருந்தாக அமைந்தது.

கூலிகள் தங்கியது, முன்பு அடிமைகள் அடைபட்டுக் கிடந்த நீண்ட லயன்களில். அங்கே அவற்றை 'லாஜி' என்பார்கள். மண்தரை, ஒழுகும் கூரை, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, வாசலிலேயே சாக்கடை. நீரால் சூழப்பட்ட இந்தக் குடியிருப்பில் மலேரியா நிரந்தர விருந்தாளி. ஜார்ஜ் ஜிலியோலி என்ற இத்தாலிய மருத்துவர் 1922இல் அந்நாட்டுக்கு வந்தார். நோயைப் பரப்புவது அனோபிலஸ் டார்லிங்கி என்ற கொசு என்று கண்டார். அது நன்னீரில் பெருகும். உப்புநீர் அதற்கு ஆகாது. மனித வாடையைத் தேடி வீட்டுக்குள் வந்து, கடித்தபின் சுவரில் அமர்ந்து இளைப்பாறும். அந்தச் சுவரில் டி.டி.டி. தெளித்தால் போதும் என்று ஜிலியோலி கணக்குப் போட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வேலை தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் கடலோரத்தில் மலேரியா இல்லையென்றே சொல்லுமளவுக்கு ஆயிற்று. மலேரியா காய்ச்சலோடு நிற்கும் நோயன்று. அது இரத்தத்தை வற்றச் செய்து, கர்ப்பத்தைக் கலைத்து, பிறந்த சிசுவைப் பலவீனமாக்கும். ஆகவே காய்ச்சல் நீங்கியதும் தொட்டில்கள் நிறைந்தன.

கதை அத்துடன் முடியவில்லை. 1960களின் தொடக்கத்தில் டெமராரா ஆற்று முகத்துவாரத்தில் மலேரியா மறுபடி தலைகாட்டியது. காரணத்தைத் தேடிய ஜிலியோலி ஒரு விந்தையைக் கண்டார். வண்டி மாடும் கோவேறு கழுதையும் போய் டிராக்டர் வந்துவிட்டது. மேய்ச்சல் நிலமெல்லாம் நெல்வயலாகிவிட்டது. அதுவரை கால்நடைகளைக் கடித்துக்கொண்டிருந்த வேறொரு கொசு, மாடு கிடைக்காமல் மனிதனிடம் வந்துவிட்டது. இயற்கையில் ஒரு நூலை இழுத்தால் எங்கே சுருக்கு விழும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

போர்ட் மோரண்ட் அமைந்த கொரன்டைன் கரையில் மற்ற தோட்டங்களைக் காட்டிலும் மலேரியா குறைவாக இருந்தது என்றும், அந்த மக்களிடம் காணப்பட்ட ஊக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றும் பேர்பீஸைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் கிளெம் சீச்சரன் எடுத்துக்காட்டுகிறார். இரத்தசோகையில் வாடாத உடம்பு வேலை முடிந்த பிறகும் மைதானத்துக்குப் போகும். மனம் கேள்வி கேட்கும். இந்த ஊரில் இரண்டும் நடந்தன.

மைதானத்தை முதலில் பார்க்கலாம். ஜான் டிரிம், ரோகன் கன்ஹாய், பாசில் புட்சர், ஜோ சாலமன், ஐவன் மட்ரே, ஆல்வின் காளிச்சரன் ஆகிய ஆறு டெஸ்ட் ஆட்டக்காரர்களை இந்த ஒரு தோட்டத்து ஊர் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொடுத்தது. 1958ஆம் ஆண்டின் கடைசி நாளன்று கல்கத்தாவில் தொடங்கிய டெஸ்ட் ஆட்டத்தில் மேற்கிந்திய அணி 614 ஓட்டங்கள் எடுத்தது. அதில் கன்ஹாய் 256, புட்சர் 103, சாலமன் ஆட்டமிழக்காமல் 69. ஆக 428 ஓட்டங்கள் போர்ட் மோரண்ட் பிள்ளைகள் மூவர் எடுத்தவை. எந்தத் துறைமுகத்திலிருந்து கூலிகளை ஏற்றினார்களோ அதே நகரத்துக்கு, கூலிகளின் வழிவந்த கன்ஹாயும் சாலமனும் மட்டையோடு திரும்பி வந்தார்கள். கல்கத்தாவின் கரகோஷம் அவர்களுக்குக் கிடைத்தது. சுனில் கவாஸ்கர் தம் மகனுக்கு ரோகன் என்று பெயரிட்டது கன்ஹாயின் நினைவாகத்தான்.

இனிக் கேள்வி கேட்ட மனம். 1918 மார்ச் 22ஆம் நாள் போர்ட் மோரண்டில் சேடி ஜகன் பிறந்தார். அவருடைய தாயும் தந்தையும் 1901இல் கைக்குழந்தைகளாகக் கப்பலில் வந்தவர்கள். தாய் கரும்பு வயலில் வேலை செய்தவர். தந்தை ஒரு வேலைக் கூட்டத்துக்கு 'டிரைவர்'. இலங்கை மலையகத்திலும் மலாயாவிலும் கங்காணி என்ற பதவிக்கு ஏறக்குறைய இது சமம். அந்தப் பிள்ளை அமெரிக்கா சென்று பல் மருத்துவராகி 1943இல் திரும்பினார். பல் பிடுங்கும் வேலையோடு நில்லாமல், தோட்ட மக்களின் லாஜி, கூலி, வாக்குரிமை ஆகியவற்றைக் கையில் எடுத்தார். 1948 ஜூன் 16இல் என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த ஐந்து தொழிலாளர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதன் பிறகு அவருடைய பாதை திரும்ப முடியாததாயிற்று. 1953 தேர்தலில் அவருடைய கட்சி 24 இடங்களில் 18ஐ வென்றது. 133 நாட்களில் பிரிட்டன் அரசியல் சட்டத்தையே நிறுத்திவைத்தது. 1964இல் பதவி இழந்தபின் 28 ஆண்டுகள் காத்திருந்து, 1992இல் நாட்டின் ஜனாதிபதியானார். 1997 மார்ச்சில் மறைந்தபோது, அவருடைய உடல் போர்ட் மோரண்டுக்கே கொண்டுவரப்பட்டு, பாபு ஜான் என்னும் இடத்தில் தகனம் செய்யப்பட்டது. பிறந்த தோட்டத்து மண்ணிலேயே அவர் சாம்பலானார்.

இன்று ஊர் எப்படியிருக்கிறது? லாஜிகள் இல்லை. வென் ஆணைக்குழு அவற்றை இடிக்கச் சொல்லி, 1950களில் கடனுதவியோடு தனி வீடுகள் எழுந்தன. போர்ட் மோரண்ட் ஆலையும் அதே காலத்தில் மூடப்பட்டது. கரும்பு இப்போது ஆல்பியன் ஆலைக்குப் போகிறது. 1976இல் சர்க்கரைத் தொழில் அரசுடைமையாயிற்று. 2017 முடிவில் அதே பேர்பீஸ் பகுதியின் ரோஸ் ஹால், ஸ்கெல்டன் ஆலைகள் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் வருமானம் இழந்தன. 2009இல் கியூபாவின் உதவியோடு ஒரு கண் மருத்துவ நிலையம் போர்ட் மோரண்டில் அமைந்தது. கண்புரையால் மங்கியிருந்த முதியவர்கள் பலர் அங்கே பார்வை பெற்றுத் திரும்பினார்கள்.

மறைத்துப் பயனில்லாத ஒரு துயரமும் உண்டு. 2014இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், 2012ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகிலேயே தற்கொலை விகிதம் மிகுந்த நாடு கயானா என்று இருந்தது. ஒரு லட்சம் பேருக்கு 44.2. பேர்பீஸ் கிராமங்கள் அதில் பெரும் பங்கு சுமந்தன. வயலுக்கு வாங்கிய நச்சு மருந்து வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும், துக்கத்தை வெளியே சொல்ல வெட்கப்படுவதும் சேர்ந்தால் ஒரு நிமிட ஆத்திரம் உயிரைக் கொண்டுபோகிறது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1990களில் தடைசெய்த பிறகு, பத்தாண்டுக்குள் தற்கொலைகள் பாதியாகக் குறைந்தன. கயானாவும் 2022இல் சட்டத்தை மாற்றி, உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தும் பழக்கத்தைக் கைவிட்டது. மருந்தைப் பூட்டி வைப்பதும், மனம் சோர்ந்திருப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பதும் எந்த நாட்டிலும் எந்த வீட்டிலும் செய்யக்கூடியவை.

போர்ட் மோரண்ட் பிள்ளைகள் இன்று நியூயார்க்கிலும் டொரன்டோவிலும் குடியேறி வருகிறார்கள். முன்னோர் கரும்புக்காகக் கடல் கடந்தார்கள். இவர்கள் கல்விக்காகவும் சம்பளத்துக்காகவும் மறுபடி கடக்கிறார்கள். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கயானா மக்கள் எழுப்பிய காளி கோயிலில் தப்பு ஒலிக்கிறது. அங்கே பாடுகிற இளைஞனுக்கும் அந்தப் பாட்டின் பொருள் தெரியாது. ஆனால் பொருள் என்னவென்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சிலர் தமிழ் எழுத்துப் படிக்கவும் முனைகிறார்கள்.

பொருள் தெரியாமலே ஒரு பாட்டை ஒன்றரை நூற்றாண்டு காத்து வைத்திருந்தார்கள் இந்த ஏழைக் கூலி மக்கள். பொருள் தெரிந்தவர்கள் அதைத் தங்கள் வீட்டில் எத்தனை தலைமுறைக்குக் காப்பார்கள் என்பது வாசக அன்பர்கள் தத்தம் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.