அரை நைட்டுப் போன்

என் போனில் எட்டாம் வகுப்புக் கணக்குகள் குவிந்து கிடக்கின்றன. வர்க்கமூலம், நாற்கரம், கூட்டுவட்டி எல்லாம் இருக்கிறது. என் வீட்டில் எட்டாவது படிக்கிறவர்கள் யாரும் கிடையாது. எதிர்வீட்டுப் பிள்ளை படிக்கிறாள். அவள் வகுப்புக்கு வீட்டுப்பாடம் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். அந்தக் குழு இருப்பது அவள் அப்பாவின் போனில். அப்பாவுக்கு நூல் மில்லில் அரை நைட்டு. நாலு மணிக்கு உள்ளே போகிறவர் பன்னிரண்டுக்குத்தான் வெளியே வருவார். போனும் அவரோடு போய் அவரோடுதான் திரும்பும். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் கூடப் படிக்கும் பிள்ளையின் அம்மா அந்தப் படங்களை எனக்கு அனுப்பிவைக்கிறார். ஆறரைக்கு நோட்டும் பேனாவுமாக இவள் வாசல்படியில் நிற்பாள்.

“தாத்தா, வந்துருச்சா?”

பெரும்பாலும் வந்திருக்கும். ஒரு நாள் தாளின்மேல் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து பாதிக் கணக்கு தெரியாது. ஒரு நாள் படம் இறங்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாடிப்படி ஏறி நின்றால் இறங்கும். போன மாதம் போனில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்தது. பேத்தியின் காதுகுத்துப் படங்களை அழிப்பதா, கூட்டுவட்டியை அழிப்பதா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் காதுகுத்தில் கைவைத்தேன். மறுநாள் அவளுக்குப் பரீட்சை.

சோழபுரம் என்றால் வெளியூர்க்காரர்கள் கும்பகோணம் பக்கமா என்று கேட்பார்கள். இது பாண்டி நாட்டுச் சோழபுரம். விருதுநகர் மாவட்டம், ராஜபாளையம் வட்டம், மேற்கே மலை. ராஜபாளையத்து நூல் மில்கள், சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணி, தளவாய்புரம் பக்கத்து நைட்டித் தையல், இவைதான் சுற்றுவட்டாரத்துக்குச் சோறு போடுகின்றன. இங்கே நேரத்தைக்கூட மில்தான் பிரித்துக் கொடுக்கும். பகல், அரை நைட்டு, முழு நைட்டு. கல்யாணத்துக்கு நாள் குறித்தாலும் “அன்னைக்கு என்ன ஷிப்டு?” என்று கேட்காமல் யாரும் தலையாட்ட மாட்டார்கள்.

யாராவது கணக்கெடுக்க வந்து, “வீட்டுல இன்டர்நெட் இருக்கா?” என்று கேட்டால் எதிர்வீட்டம்மா “இருக்கு” என்றுதான் சொல்வார். அது பொய்யும் இல்லை. 2017–18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றில், இந்தியக் கிராமங்களில் நூற்றுக்குப் பதினைந்து வீடுகளில்தான் இணையம் உண்டு என்று கண்டார்கள். நகரத்தில் 42. அதற்குப் பின் டச் போன் பெருகிவிட்டது, எண்ணிக்கையும் ஏறியிருக்கும். என் சந்தேகம் கேள்வியின் மேலேயே. போன் வீட்டுச் சாமான் இல்லையே. ஆட்டுக்கல்லும் அடுப்பும் இருந்த இடத்தில் இருக்கும். இது செருப்பு மாதிரி, உரியவர் போகும் இடத்துக்கெல்லாம் போய்விடும். வீட்டில் செருப்பு இருக்கிறதா என்று கேட்டு என்ன பிரயோசனம்?

இது எனக்குப் புரிந்தது 2020இல்.

அந்த வருஷம் மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது எதிர்வீட்டுப் பிள்ளை இரண்டாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. போய் உட்கார்ந்தது நாலாம் வகுப்பில். மூணாம் வகுப்பு டீச்சர் யார் என்று கேட்டால் இன்றைக்கும் முழிப்பாள். வாய்ப்பாடும் வகுத்தலும் கையில் ஏறுகிற வகுப்பு அது.

அவள் அண்ணன் அப்போது ஒன்பதாவது. அவனுக்கு ஆன்லைன் கிளாஸ் காலை பத்து மணிக்கு. ஊரடங்கில் மில் மூடிக் கிடந்த நாட்களில் அப்பாவும் வீட்டில் இருந்தார், போனும் வீட்டில் இருந்தது. ரீசார்ஜ் செய்யக் காசில்லை. மில் திறந்தது, காசு வந்தது, போன் போய்விட்டது. தெருவில் அரைவாசி வீடுகளின் கதை இதேதான். அன்றைக்கு 199 ரூபாய் போட்டால் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, 28 நாள். (போன் கம்பெனிக்கு மட்டும் மாதம் என்பது 28 நாள், வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். சம்பளம் மட்டும் பன்னிரண்டு.) அந்த ஒன்றரை ஜிபியும் வரிசைப்படிதான் செலவாகும். முதலில் அப்பா, பிறகு பெரிய வகுப்பு என்பதால் அண்ணன். ஆண்பிள்ளை என்பதாலும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? இவள் முறை வரும்போது வட்டம் சுற்றும்.

கடைசியில் அப்பா ஒரு காரியம் செய்தார். வாராவாரம் மாறுகிற ஷிப்டு வேண்டாம், அரை நைட்டே நிரந்தரமாகக் கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பகலில் போன் வீட்டில் இருக்கும் அல்லவா? மனுஷன் அன்றிலிருந்து பொழுது சாய்வதை வீட்டில் இருந்து பார்த்ததில்லை.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2019 ஆகஸ்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கியிருந்தார்கள். 2020 ஜூலையில் அதில் வகுப்புவாரியாகப் பாடம் ஓடியது. அரசு கேபிளில் 200ஆம் நம்பர். 2006இல் இலவச டிவி என்று சொன்னபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன். படிக்கிற பிள்ளைகளைக் கெடுக்கப் போகிறது என்று இதே மாதிரி ஒரு பத்திகூட எழுதிய ஞாபகம். பதினாலு வருஷம் கழித்து அந்தப் பதினாலு அங்குலப் பெட்டி, இன்னும் ஓடிய வீடுகளில், பள்ளிக்கூடமாக மாறியது. ஆனால் மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்பில் படிக்கும் வீட்டில் ஒரு பெட்டி என்ன செய்யும்? பாடம் ஓடும் அரைமணியில் கரண்ட் போனால் போனதுதான். டிவியிடம் கை தூக்க முடியாது. “சார், மறுபடியும் சொல்லுங்க” என்றால் அது அடுத்த பாடத்துக்குப் போய்விடும்.

மேல்நிலைப் பிள்ளைகளுக்கு 2011இலிருந்து கொடுத்த மடிக்கணினிகள் இருந்தன. அவற்றில் பாட வீடியோக்களைப் பள்ளியிலேயே ஏற்றிக் கொடுத்தார்கள். நெட் இல்லாமலும் பார்க்கலாம் என்பதால் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. 2021 ஜனவரியில் நாளைக்கு இரண்டு ஜிபி இலவசம் என்ற அறிவிப்பு வந்தது, நான்கு மாதத்துக்கு. கல்லூரி மாணவர்களுக்கு மட்டும், 9.69 லட்சம் பேருக்கு. எங்கள் தெருவில் அதற்கு உரியவன் ஒரே ஒரு பையன். அவன் வீட்டுத் திண்ணை அந்த நாலு மாதமும் கோயில் கொடை மாதிரி இருந்தது. ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல் தெருவுக்கே மனப்பாடம். இடைவெளி விட்டு உட்காரச் சொல்லி நான் கத்துவேன். இடைவெளி விட்டால் நெட் எட்டாது, அதனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இது ஏதோ நம் பட்டிக்காட்டுப் பாடு என்று நினைத்திருந்தேன். அதே 2020 ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து ஒரு படம் வந்தது. கலிஃபோர்னியாவில் சலினாஸ் என்ற ஊர். காய்கறித் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த இடம். டாகோ பெல் என்ற சாப்பாட்டுக் கடையின் வாசலில், தரையில், மடியில் கணினியோடு இரண்டு சிறுமிகள். கடையின் வைஃபை வெளியே கசிகிற இடத்தில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார்கள். இணையத்தைக் கண்டுபிடித்த நாட்டில்! அந்த வருஷக் கடைசியில் யுனிசெஃப் ஒரு கணக்குச் சொன்னது: உலகத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு, 130 கோடிப் பேருக்கு வீட்டில் இணையம் இல்லை. படத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது வேறு. அங்கே கடைவாசல், இங்கே திண்ணை. இரண்டு இடத்திலும் வீட்டில் இல்லாததைத் தேடிப் பிள்ளைகள் ஒரு பொது இடத்துக்குத்தான் நடந்திருக்கிறார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு இது புதிதா என்ன? வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லாத காலத்தில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. சாயங்காலமானால் குழாய் பாடும், செய்தி வாசிக்கும், விவசாயிகளுக்கு விலை சொல்லும். டிவியும் முதலில் பஞ்சாயத்துக்குத்தான் வந்தது. மரப்பெட்டிக்குள் பூட்டு, சாவி ஒருத்தரிடம், சண்டை எல்லாரிடமும். புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875இல் ஆரம்பித்தது. ஒவ்வொருத்தரும் வீட்டில் புத்தகம் வாங்கிவைக்கட்டும், அப்புறம் படிக்கலாம் என்று அன்றைக்கு யாரும் காத்திருக்கவில்லை. ஓர் இடத்தில் வைத்தார்கள், வந்து படி என்றார்கள். நெட் மட்டும்தான் ஊருக்கு வராமல் நேரே ஆளின் சட்டைப்பைக்குள் வந்தது. சட்டைப்பை இல்லாதவர்களுக்கு, அதாவது பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும், அது இன்னொருத்தர் தயவு.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2020 ஜூன் 1ஆம் தேதியே டிவியில் பாடம் தொடங்கினார்கள். வீட்டில் டிவி இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பெட்டி வைத்து உட்காரவைத்தார்கள். நாம் நூலகத்தையும் சேர்த்துப் பூட்டிவைத்திருந்தோம். நோய்க்காலம், பூட்டியதைக் குறை சொல்லவில்லை. திறந்த பிறகாவது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து நெட் பார்க்க ஊர்ப்புற நூலகத்தில் ஒரு மூலையை ஒதுக்குவோம் என்று தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழைக் கம்பி இழுக்கும் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. கம்பி ஊராட்சி அலுவலகம் வரை வந்தால், ஆறு மணிக்கு அங்கே விளக்கு எரியுமா? கதவைத் திறக்க ஆள் உண்டா? எனக்கு அதுதான் கேள்வி.

விட்டுப்போன படிப்பை மீட்டது எது என்று பார்த்தால், அதுவும் கதவு திறந்த ஒரு வீடுதான். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் டிகிரி முடித்துவிட்டுக் கல்யாணமாகி வந்த ஒரு மருமகள் தன்னார்வலராகச் சேர்ந்தார். மாதம் ஆயிரம் ரூபாய், சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை. முன்வாசலில் இருபது பிள்ளைகள். இவளும் அங்கே போனாள். புளியங்கொட்டையை நாலு நாலாகப் பிரித்துவைத்து வகுத்தல் படித்தது அங்கேதான். அந்த மருமகளின் மாமியார் முதல் வாரம் முணுமுணுத்தார், இரண்டாம் வாரம் சுண்டல் கொடுத்தார்.

பொருளியலாளர்கள் அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்திருக்கிறார்கள். 2019இல் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையோடு 2021 டிசம்பரில் ஒப்பிட்டால் தமிழில் பெரிய பள்ளம், கணக்கில் அதைவிடப் பெரிய பள்ளம். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது. அப்படித் தூர்ந்ததில் ஏறக்குறைய கால்வாசி இல்லம் தேடிக் கல்வியால் என்கிறார்கள். மீதி ஒரு பங்கு என்னவானது என்று எனக்கு என் வாசல்படியிலேயே தெரிகிறது. எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி போடும்போது பிள்ளை நூறால் வகுக்கும் இடத்தில் மட்டும் நின்று, என் முகத்தைப் பார்ப்பாள்.

பள்ளி திறந்தது, ஆன்லைன் கிளாஸ் போயிற்று, வாட்ஸ்அப் குழு மட்டும் தங்கிவிட்டது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவளுடைய டீச்சரைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்துக் கேட்டேன்: “ஏம்மா, மணி அடிக்கிறதுக்கு முன்னாடி போர்டுல எழுதிப் போட்டா ஆகாதா?” சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் நின்று பதில் சொன்னார். “முன்னாடி டைரியிலதான் சார் எழுதச் சொல்வோம். பெத்தவங்கதான் குரூப்புல போடுங்க, பிள்ளைங்க எழுதிட்டு வர்றதில்லைங்குறாங்க. நானும் பஸ் பிடிச்சு வீடு போய்ச் சேர ஆறாயிரும்.” அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரமும், எதிர்வீட்டுப் போன் மில்லுக்குள் இருக்கும் நேரமும் ஒன்றாக விழுந்ததற்கு அவர் என்ன செய்வார்?

எதிர்வீட்டுக்காரரிடமும் கேட்டேன். மில்லுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார். எட்டு மணி நேரம் அது யாருக்கும் இல்லாமல் சைக்கிள் ஸ்டாண்டில் கிடக்கிறது. வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமே?

“ராத்திரி பன்னெண்டு மணிக்கு வண்டி பஞ்சராச்சுன்னா யாரக் கூப்பிட மாமா?”

ஷிப்டை மாற்றிக்கொள்ளலாமே என்று வாய் வரை வந்தது. அந்த அரை நைட்டே எதற்காக வாங்கியது என்பது ஞாபகம் வந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாது என்று டேட்டாவை அணைத்துத்தான் கொண்டுபோவார் போலிருக்கிறது. பன்னிரண்டரை வாக்கில் வண்டிச் சத்தம் எதிர்வீட்டில் வந்து நிற்கும். கதவு திறக்கும், செம்பில் தண்ணீர் விழும். கொஞ்ச நேரத்தில், ஜன்னல் திறந்திருந்தால் என் கட்டில் வரைக்கும் கேட்கும்: டிங், டிங், டிங். கணக்கு, அறிவியல், ஆங்கிலம். பிள்ளை எட்டரைக்கே என் படியில் உட்கார்ந்து முடித்துவிட்டுப் போய்த் தூங்கியிருப்பாள்.