ரேஷன் கார்டு குத்தாலத்தில்... பிள்ளை ஊரப்பாக்கத்தில்!

குத்தாலம் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும், "பையன் ஊரப்பாக்கத்துல இருக்கான்", "பொண்ணு கூடுவாஞ்சேரியில வாடகைக்கு இருக்கா" என்று ஒரு பதிலாவது வரும். வேலை சென்னையில். வாடகை கட்டுப்படியாவது தாம்பரம் தாண்டி. ஜி.எஸ்.டி. சாலை ஊர்கள் வளர்ந்ததில் டெல்டாக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

எவ்வளவு வளர்ச்சி? 2001-க்கும் 2011-க்கும் நடுவில் தமிழ்நாட்டு மக்கள்தொகை சுமார் 16 சதவீதம் கூடியது. செங்கல்பட்டையும் சேர்த்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் சுமார் 39 சதவீதம்! குத்தாலம் அப்போது இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் 9 சதவீதம்கூட இல்லை.

அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2021-ல் எடுக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது.

ஆட்கள் வந்த வேகத்தில் வசதிகள் வரவில்லை. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே மின்சார ரயில் ஓடுகிறது. ஆனால், அங்கே ரயில் நிலையம் கட்டும் வேலை 2024 முழுக்க முடியவில்லை. பெரியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எப்படியோ சமாளித்தார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்?

கல்வி உரிமைச் சட்டம் 2010-ல் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டு விதிப்படி 1 கிலோமீட்டருக்குள் தொடக்கப்பள்ளியும், 3 கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளியும் இருக்க வேண்டும். இந்த விதி தூரத்தைத்தான் அளக்கிறது. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாகப் பத்து அடுக்குமாடிகள் வந்தாலும், பழைய கிராமத்துப் பள்ளி ஒன்று இருந்தால் விதி நிறைவேறிவிடும். தொடக்கப்பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்றும் சட்டம் சொல்கிறது. ஆசிரியரை வேறு ஊரிலிருந்து மாற்றிப் போடலாம். வகுப்பறை கட்ட, மனை விலை ஏறிய ஊரில் இடத்துக்கு எங்கே போவது? கடைசியில், குறுவை அறுத்த பணம் தனியார் பள்ளி ஃபீஸாகப் போகிறது.

இன்னொரு பக்கம், 2025-ல் மாநிலம் முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு மாணவர்கூட இல்லை. பிறப்பு குறைந்தது ஒரு காரணம், குடும்பங்கள் இடம் மாறியது இன்னொன்று. கட்டடம் இருக்கிற இடத்தில் பிள்ளை இல்லை. பிள்ளை இருக்கிற இடத்தில் கட்டடம் போதவில்லை.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 கணக்குத் தேதி. ரேஷன் கார்டு எந்த ஊரில் இருந்தாலும், வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் உங்கள் பெயர் பதிவாக வேண்டும். "எங்களுக்குச் சொந்த ஊர் குத்தாலம், அங்கே சொல்லிட்டோம்" என்று வாடகை வீட்டு வாசலிலேயே கணக்கெடுப்பாளரை அனுப்பிவிடாதீர்கள். பள்ளி, ஆஸ்பத்திரி, குடிநீர் என எல்லாத் திட்டமும் அந்த எண்ணை வைத்துத்தான்.

ஊரில் இருக்கும் தாத்தா, பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பாசத்தில் பேரன், பேத்தி பெயரை உங்கள் வீட்டுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் உட்கார வேண்டிய பெஞ்ச் ஊரப்பாக்கத்தில் அல்லவா வேண்டும்!