பாஸ்புக் படமும் குடும்பப் படமும்

எங்கள் வீட்டில் பாட்டி மறைந்த அன்று, மாலையிட்டு வைப்பதற்கு ஒரு படம் தேவைப்பட்டது. குடும்பத்தினரின் கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தன. பேத்தியின் பிறந்தநாள், புதுமனை புகுவிழா, கோடை விடுமுறைப் பயணம் என எதற்கும் குறைவில்லை. ஆனால் அவற்றில் பாட்டி எங்கோ ஓரத்தில் இருந்தார். அல்லது பாதி முகமாக இருந்தார். ஒரு படத்தில் குழந்தையைத் தாங்கிப் பிடித்திருக்கும் இரண்டு கைகளாக மட்டும் இருந்தார். இறுதியில் கிடைத்தது, அவருடைய ஓய்வூதியக் கணக்கின் பாஸ்புக்கில் ஒட்டப்பட்டிருந்த சிறிய படம். அதையே பெரிதாக்கிச் சட்டமிட்டோம். நேர்ப்பார்வை, இறுகிய உதடுகள், தோளருகே வங்கி முத்திரையின் ஊதா வளைவு. இன்றும் எங்கள் சுவரில் இருப்பது அந்தப் படம்தான்.

அந்தப் படத்தின் மீது குறை சொல்வதற்கில்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் செம்மையாகச் செய்தது. கவுண்டரின் அந்தப் பக்கம் இருப்பவர், இந்தப் பக்கம் நிற்பவர் கணக்குக்கு உரியவர்தாமா என்று அறிய வேண்டும். அதற்குத் தெளிவான முகம் போதும். அடையாளப் படம் கேட்பது, ‘இவர் யார்?’ என்ற கேள்வியை. குடும்பப் படம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘இவர்கள் ஒருவருக்கொருவர் யார்?’ புதிதாகக் கேமராவைக் கையில் எடுக்கும் பெற்றோர் பலரும் இரண்டாவது கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டு, முதற்கேள்விக்கான விடையோடு திரும்பிவிடுகிறோம். எல்லாரையும் வரிசையாக நிறுத்துகிறோம். ‘இங்கே பார், சிரி’ என்கிறோம். குழந்தை திரும்பிக்கொண்டால் அதட்டுகிறோம். விளைவது, ஐந்து அடையாளப் படங்களை அருகருகே ஒட்டியது போன்ற ஒரு படம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஒளிப்படக் கலையின் தொடக்க நாள்களை எண்ணிப் பார்த்தால் விளங்கும். 1839-இல் பாரிஸில் டாகுரோ முறை அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் கல்கத்தாவிலும் அக்கலை கால்கொண்டது. அக்காலத் தகடுகள் ஒளியை மெதுவாகவே பதித்தன. படத்துக்கு அமர்பவர் நெடுநேரம் அசையாதிருக்க வேண்டும். அதற்காகத் தலையைப் பின்னாலிருந்து தாங்கும் இரும்புப் பிடிகளும் இருந்தன. கைக்குழந்தைகள் அசையாதிருப்பார்களா? எனவே மேலைநாட்டுப் படப்பிடிப்பு நிலையங்களில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. தாயைத் துணியால் முழுவதும் போர்த்தி, நாற்காலி போல் உட்காரவைத்து, அவர் மடியில் குழந்தையை அமர்த்திப் படமெடுத்தார்கள். அப்படங்களைச் சேகரிப்போர் அவற்றுக்கு ‘மறைந்திருக்கும் தாய்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். குழந்தையின் முகம் தெளிவாக இருக்கும். அதைப் பிடித்திருப்பவரோ துணி மூட்டையாகத் தெரிவார்.

அன்று அசையாமை தொழில்நுட்பத்தின் கட்டாயம். இன்று நல்ல வெளிச்சத்தில் ஒரு சாதாரணக் கைப்பேசி, நொடியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் படத்தைப் பதித்துவிடுகிறது. கட்டாயம் நீங்கிவிட்டது, பழக்கம் நீங்கவில்லை. தாயும் இன்னும் மறைந்தே இருக்கிறார். அன்று துணிக்குள் இருந்தார், இன்று கைப்பேசிக்குப் பின்னால் நிற்கிறார். எங்கள் பாட்டியைப் போன்றோர் குழந்தையைத் தாங்கிய கைகளாக எஞ்சுகிறார்கள்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. உம்ராவ் சிங் ஷேர்-கில் (1870–1954) தொழில்முறைப் படக்கலைஞர் அல்லர். சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்ற அறிஞர். ஆர்வத்தினால் கேமராவைக் கையில் எடுத்து, பல பத்தாண்டுகள் தம் குடும்பத்தையே படமெடுத்தார். ஹங்கேரியைச் சேர்ந்த மனைவி, 1913-இல் பிறந்த மகள் அமிர்தா, அடுத்த ஆண்டு பிறந்த இந்திரா ஆகியோர் குழந்தைகளாகவும் இளம்பெண்களாகவும் வளர்வதை அப்படங்களில் காணலாம். விதவிதமான உடைகளில் மகள்கள் நிற்பதும், அமிர்தா ஓவியப் பலகையின் முன் இருப்பதும் அவற்றில் உண்டு. அவர் தம்மைப் படத்திலிருந்து விலக்கிக்கொள்ளவும் இல்லை. தம்மைத் தாமே எடுத்துக்கொண்ட படங்கள் பல. இந்திய ஓவியத்தின் போக்கை மாற்றிய அமிர்தா ஷேர்-கில் 1941-இல், 28 வயதில் மறைந்தார். தந்தை வீட்டுக்குள் எடுத்த படங்கள் நிலைத்தன. அறுபது ஆண்டுகள் கழித்து, இந்திராவின் மகனான ஓவியர் விவான் சுந்தரம் அப்படங்களைக் கொண்டே ஒரு புதிய கலைத்தொடரைப் படைத்தார். வீட்டுக்காக எடுக்கப்பட்ட படங்கள் நாட்டின் கலை வரலாற்றுக்கும் சான்றாயின.

நம் வீட்டுப் படங்கள் வரலாறாக வேண்டியதில்லை. பேரக்குழந்தைகளுக்கு நம் வாழ்க்கை எப்படி இருந்தது என்று சொன்னால் போதும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். சில பழக்கங்களை மாற்றிக்கொண்டால் போதும் என்பதே எங்கள் கருத்து.

முதலாவது, குழந்தைக்கு நிற்கும் நிலையைச் சொல்லாமல் ஒரு வேலையைக் கொடுப்பது. மூன்று வயதுக் குழந்தைக்குச் ‘சிரி’ என்ற கட்டளை விளங்காது. பல்லைக் காட்டும், அவ்வளவுதான். ‘அப்பாவின் காதில் ஒரு ரகசியம் சொல்’ என்றால் விளங்கும். ரகசியம் சொல்லி முடித்ததும் இருவரும் சிரிக்கும் சிரிப்புக்காகக் காத்திருக்கலாம். தாத்தாவுடன் பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது, துளசிச் செடிக்கு நீர் ஊற்றுவது, பாட்டியின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பது என ஒவ்வொரு வீட்டிலும் அன்றாடம் நடப்பவையே போதும். கைகளுக்கு வேலை கிடைத்தால் முகம் இயல்பாகிவிடும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, கீழே இறங்குவது. நின்றபடி எடுத்தால் குழந்தையின் தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் தெரியும். பின்னணி முழுவதும் தரையாகிவிடும். மண்டியிட்டோ சம்மணமிட்டோ அமர்ந்து, கேமராவைக் குழந்தையின் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தால் உலகத்தை அது பார்க்கும் உயரத்திலிருந்து நாமும் பார்ப்போம். அதே சமயம் மிகவும் நெருங்கிவிடக் கூடாது. கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்துத் தெரியும். இரண்டு மூன்று அடி பின்வாங்கி, இருமடங்கு உருப்பெருக்கம் வைத்து எடுத்தால் முகம் உள்ளபடி அமையும். அதற்கு முன், லென்ஸை ஒரு பருத்தித் துணியால் துடைப்பது நல்லது. படங்கள் மங்கலாவதற்கு விரல் ரேகையும் ஒரு காரணம்.

மூன்றாவது, வெளிச்சத்தைத் தேடிப் போவது. நேர்வெயில் விழாத சன்னல் ஓரம் நல்ல படப்பிடிப்பு நிலையம். முகங்கள் சன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும்; எதிர்ப்புறம் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டால் நிழற்பகுதியும் தெளியும். அப்போது அறை விளக்குகளை அணைத்துவிடுவது நல்லது. இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தோலின் நிறம் கெடும். வெளியில் எடுப்பதானால் காலை இளவெயிலும் மாலைச் சாய்வெயிலும் ஏற்றவை. உச்சி வெயில் கண்குழிகளில் நிழலை இறக்கிவிடும். அந்நேரத்தில் வராந்தாவின் நிழலோ மரநிழலோ உதவும். ஓடும் குழந்தையை எடுக்க ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கைப்பேசியில் தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்கும் வசதியையும் பயன்படுத்தலாம். இருபது படங்களில் ஒன்று நன்றாக அமைந்தாலும் போதும்.

நான்காவது, நேரத்தைக் குழந்தையிடம் விட்டுவிடுவது. உறங்கி எழுந்து, வயிறு நிறைந்த பிறகு கால் மணி நேரம் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று. ‘போதும்’ என்று குழந்தை சொன்னால் நிறுத்திவிட வேண்டும். படம் நன்றாக வந்து அந்த மாலைப்பொழுது அழுகையில் முடிந்தால், படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அழுகையே நினைவுக்கு வரும்.

புதுமை வேண்டும் என்போருக்கு வீட்டிலேயே வழிகள் பல. மாலையில் மொட்டைமாடிச் சுவரில் நீளும் நால்வரின் நிழல்கள். மழை விட்ட பிறகு தேங்கிய நீரில் தெரியும் பிம்பங்கள். பாயில் தலைகளை ஒன்று சேர்த்துப் படுத்திருப்பவர்களை மேலிருந்து எடுப்பது. மூன்று தலைமுறைக் கைகள். ஆண்டுதோறும் அதே கதவுச் சட்டத்தருகே அதே நாளில் ஒரு படம். கடைசியாகச் சொன்னதற்கு எந்தத் திறமையும் வேண்டாம், தவறாமை மட்டும் வேண்டும். மாதந்தோறும் போடும் தொடர்வைப்பைப் போல, ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மதிப்பு தெரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்போம். பச்சிளங்குழந்தை தன் கைகளின் மேல் முகவாய் ஊன்றியபடி இருக்கும் படங்களைக் கண்டு, அதை வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது. பயிற்சி பெற்றவர்கள் அத்தகைய படங்களை, குழந்தையின் தலையை ஒருவர் தாங்கிப் பிடித்திருக்க இரண்டு படங்களாக எடுத்து, பின்னர் கணினியில் ஒன்றாக்குகிறார்கள். கழுத்து நிற்காத குழந்தையை வைத்துச் செய்யும் சோதனைக்கு எந்தப் படமும் ஈடாகாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, படம் எடுப்பவரும் படத்துக்குள் வருவது. கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மீது ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து, பத்து நொடித் தாமதம் வைத்தால் போதும். ஓடிவந்து அமரும் அந்தப் பரபரப்பே குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு. அல்லது கைப்பேசியை நான்கு வயதுக் குழந்தையின் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். சட்டம் சாயலாம், தலை பாதி வெட்டுப்படலாம். ஆனால் தன் பிள்ளையைப் பார்க்கும் தாயின் முகம் எப்படி இருக்கும் என்பதை அந்தக் குழந்தையால்தான் படமெடுக்க முடியும்.

‘எல்லாரும் நேராகப் பார்க்கும் படம் ஒன்று வேண்டாமா?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. முகங்கள் தெளிவாகத் தெரிய வேண்டிய தேவையை எங்களைவிட அறிந்தவர்கள் குறைவு. அந்தப் படத்தையும் எடுத்துவிடுங்கள். எடுத்து முடிந்ததென்று அறிவித்த பிறகு, கேமராவைக் கீழே இறக்காமல் இன்னும் பத்து நொடி எடுத்துக்கொண்டிருங்கள். வரிசை கலையும், குழந்தை தாத்தாவின் மடியில் தாவும், அக்காள் தம்பியின் தலையைக் கலைப்பாள், தாத்தா எதற்கோ வாய்விட்டுச் சிரிப்பார். நாம் தேடிய குடும்பப் படம் பெரும்பாலும் அந்தப் பத்து நொடிக்குள் இருக்கும்.

எடுத்த படத்தைக் காப்பதும் எடுப்பதைப் போன்றே முக்கியம். கைப்பேசி நீரில் விழுந்தால், தொலைந்தால், அதன் கடவுச்சொல் உரியவரோடு மறைந்துவிட்டால், படங்களும் போய்விடும். ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து அச்சிடலாம். பின்புறம் மென்பென்சிலால் நாள், இடம், பெயர், உறவு ஆகியவற்றை எழுதி வைக்கலாம். மற்றொரு பிரதியை வேறு ஊரில் உள்ள உடன்பிறப்பின் வீட்டில் வைக்கலாம். கணக்குக்கு நாமினியைக் குறிப்பிடுவது போல, படங்கள் எங்கே இருக்கின்றன என்பதை வீட்டில் ஒருவருக்கேனும் சொல்லி வைப்பது நலம். ஊரறியப் பகிர்வதில் மட்டும் சற்றுத் தயக்கம் வேண்டும். பள்ளிச் சின்னமும் வீட்டு எண்ணும் தெரியும் படங்கள் அந்நியருக்குப் பயன்படும். தவிரவும், அந்தக் குழந்தை நாளை வளர்ந்து, தன் படங்களைத் தானே பார்க்கப்போகிறது.

பாட்டியின் கைகள் மட்டும் இருந்த அந்தப் படத்தை அண்மையில் அச்சிட்டு, சட்டமிட்ட படத்துக்குக் கீழே வைத்தோம். நரம்பு தெரியும் இரண்டு கைகள், கண்ணாடி வளையல்கள், அவற்றுக்கு நடுவே ஒரு வயதுப் பேத்தி. அவளுக்கு இப்போது ஆறு வயது. மாலையிட்ட படத்தைக் காட்டி ‘யார்?’ என்று கேட்டால் சற்றுத் தயங்குகிறாள். கீழே உள்ள படத்தைக் காட்டினால், ‘என்னைத் தூக்கி வச்சிருக்கிற பாட்டி’ என்கிறாள்.