திறப்பு அம்மாவிடம், கையெழுத்து அப்பாவிடம்

கொஞ்சக் காலமாக எங்கட கலைப்பீடத்தில் 'வைக்கிங்ஸ்' தொடர் பார்க்காத ஆள் இல்லை. எல்லாரும் லாகெர்த்தாவைப் பற்றித்தான் கதைக்கினம். வாளும் கேடயமுமாக ஒரு பெண்! நாங்களும் பார்த்தோம், ரசித்தோம். ஆனால் வாசிக்கத் தொடங்கினபோது எங்களைப் பிடித்து நிறுத்தியது வாள் இல்லை, திறப்பு.

வைக்கிங் காலப் பெண்கள் பலரின் புதைகுழிகளில் திறப்புகள் கிடைத்திருக்கின்றன. ஆண்கள் கடலுக்குப் போனால் வீடு, கமம், களஞ்சியம் எல்லாம் பெண்ணின் பொறுப்பு. பழைய ஐஸ்லாந்தில் மனைவி விவாகரத்துக் கேட்கலாம், பிரியும்போது தான் கொண்டுவந்த சீதனத்தைத் திருப்பி எடுக்கலாம். 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட லக்ஸ்டேலா சாகாவில் குத்ரூன் என்ற பெண்ணுக்குக் கலியாணம் பேசும்போதே, காசு பணத்தை அவள்தான் நிர்வகிப்பாள் என்று ஒப்பந்தமாகிறது. அதற்காக அது சொர்க்கம் இல்லை. அங்கே அடிமைகள் இருந்தார்கள். அந்தக் கலியாணத்தைக்கூட குத்ரூனைக் கேட்காமல்தான் பேசி முடிக்கினம்.

இப்ப எங்கட ஊருக்கு வருவம்.

எங்களோடு படிக்கிற ஒருத்தியின் அம்மா, வீட்டுக் கூரையைத் திருத்துவதற்காகத் தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்கப் போனார். நொத்தாரிசு உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காணி உங்கட பேரிலதான் இருக்கு, தங்கச்சி. ஆனா அவரும் ஒப்பம் வைக்கோணும்." அந்த 'அவர்' வீட்டை விட்டுப் போய்ப் பதினொரு வருடம். விவாகரத்து ஆகவில்லை.

நொத்தாரிசில் பிழை இல்லை. சட்டமே அப்படித்தான். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைகள் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் முதுசத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டாம். கணவன் விட்டுப் போயிருந்தால், அல்லது காரணமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் சட்டம் சொல்லுது. அதாவது, தன் காணியை விற்பதற்கு ஒரு வழக்கு. 1923இல் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் வந்தபோதும் எங்கட பெண்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு வைத்தார்கள். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லாரும் சமம் என்கிறது. 16ஆம் உறுப்புரையோ, பழைய சட்டங்கள் அதற்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது.

இதைப் பற்றிக் கதைத்தால் உடனே ஒரு பதில் வரும்: "தேசவழமை எங்கட அடையாளம். அதில கை வைக்கக் கூடாது."

அடையாளமா? தேசவழமையை 1707இல் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்து அதிகாரி. பன்னிரண்டு முதலிமார் சரிபார்த்தார்கள். அதே தொகுப்பில் அடிமைகளை வைத்திருப்பதற்கும் விதிகள் இருந்தன. 1844இல் அடிமைமுறை ஒழிந்தபோது அந்த விதிகளும் செத்துப்போயின. அதனால் எங்கட அடையாளம் அழிந்ததா? கணவனின் கையெழுத்தைக் கேட்கும் பிரிவோ, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபை நிறைவேற்றினது.

இன்னொரு பதில்: "பெண்ணை ஏமாற்றிக் காணியைப் பறிக்காமல் இருக்கத்தான் அந்தப் பாதுகாப்பு." ஏமாறுகிற ஆண்கள் ஊரில் இல்லையா? அவர்களுக்கு ஏன் மனைவியின் கையெழுத்துப் பாதுகாப்பு இல்லை?

தாயின் சீதனம் மகளுக்குப் போகும் வழக்கம் எங்கட பெருமை. அதை நாங்கள் எறியச் சொல்லவில்லை. அந்தப் பெருமைக்கு உள்ளே கிடக்கிற ஒரு முள்ளைத்தான் எடுக்கச் சொல்கிறோம். போரில் கணவனைத் தொலைத்த எத்தனையோ பெண்கள் தனியாகக் குடும்பம் நடத்துகிற மண்ணில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேளுங்கோ: "உறுதி ஆற்ற பேரில இருக்கு? விக்கிறதெண்டா ஆர் ஒப்பம் வைக்கோணும்?" இரண்டு கேள்விக்கும் 'நான்தான்' என்று அம்மா சொல்லும்வரை, லாகெர்த்தாவுக்குக் கைதட்ட எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.